ஆங் சான் மைதானத்தில் தமிழில் திட்டுகிற குடைக்காரப் பெரியவரைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

மதில்கடைக்காரன் (ரங்கூன்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என் தமிழ் படிப்பு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங் சான் மைதானத்தைச் சுற்றி மதிலோடு மதிலாகக் கடைகள் இருந்தது ரங்கூன்காரர்களுக்குத் தெரியும். அதில் ஒரு பஸ் டிக்கெட் கவுண்டரில் 1994 முதல் 2013 வரை உட்கார்ந்திருந்தேன். மாண்டலே, தவுங்யி, மௌல்மீன் போகிற இரவு பஸ்களுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் கேலரி. கோல் விழுந்தால் முதலில் மேஜை மேலிருக்கும் டீ நடுங்கும், அப்புறம்தான் சத்தம் வரும்.

முதலாளி நல்ல மனுஷர். மூன்றரை மணி ஆட்டம் என்றால் போய்ப் பார்த்துவிட்டு ஐந்துக்குள் வந்துவிடு என்பார். ஐந்துக்கு மேல்தான் ஆட்களை ஆங் மிங்கலார் பஸ் நிலையத்துக்கு ஏற்றிப் போகிற வண்டி வரும். அதனால் நான் பார்த்த ஆட்டங்களில் பாதிக்குக் கடைசிக் கால் மணி நேரத்தைச் சுவர் வழியாகத்தான் கேட்டிருக்கிறேன். யார் ஜெயித்தது என்பதை வெளியே வருகிறவர்கள் நடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

கேலரியில் வாராவாரம் அதே ஆட்கள்தான். கடலை விற்கிற அம்மா ஒருத்தி. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டேதான் நிற்பாள். ஆனால் கேட்டால், யார் அடித்தது, எந்தக் காலால் என்பது வரை சொல்வாள். எங்கள் முகத்திலேயே தெரிந்துவிடுகிறதாம். காதில் ரேடியோவை ஒட்டிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் நடக்கிற ஆட்டத்தின் வர்ணனையையே கேட்கிற சீனத்துப் பெரியவர் ஒருவர். தான் பார்த்ததை ரேடியோவும் ஒப்புக்கொண்ட பிறகுதான் கை தட்டுவார். இவர்களையெல்லாம் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

நான் தேடுகிறவர் வேறு. மூலைக் கொடிக்கு நேராக, மேலிருந்து நாலாவது படியில் உட்காருவார். நடுக்கோட்டுப் பக்கம் இடம் காலியாக இருந்தாலும் வரமாட்டார். கையில் கறுப்புத் துணிக் குடை. பசீன் வண்ணக் குடை இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கையில் இருக்குமே, அந்த மாதிரி. கன்னத்தில் எப்போதும் கூன்யா, அதாவது வெற்றிலைச் சுருள், அடக்கியிருப்பார். இடது புருவம் மட்டும் வெள்ளை. பக்கத்தில் இருப்பவர்களோடு பர்மியத்தில்தான் பேச்சு, அதுவும் சுத்தமான ரங்கூன் பர்மியம். விசில் ஊதியதும் ஆள் மாறிவிடுவார். தமிழில் திட்ட ஆரம்பிப்பார்.

“கால்ல என்ன ஆணி அடிச்சு விட்டிருக்கா?” “அடேய், பந்து என்ன உன் மாமனார் வீட்டுச் சீரா, கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே?” நிதி வருவாய்த் துறை அணி ஆடினால் இன்னும் விசேஷம். அப்போதெல்லாம் லீக் என்றால் அமைச்சகங்களின் அணிகள்தான், அதில் இந்த அணிதான் வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும். அவர்கள் பந்தைத் தொலைத்தால், “கடைக்காரன்கிட்ட வரி பிடுங்கத் தெரியுது, அவன் கால்லேர்ந்து பந்தைப் பிடுங்கத் தெரியலியே!” என்பார். 1990-களில், நிறைந்த கேலரியில், அரசாங்க அணியை இப்படி. ஒருத்தருக்கும் புரியாது என்ற தைரியம்.

எனக்குப் புரிந்தது. ஒருநாள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சிரித்தது யார் என்று திரும்பிப் பார்த்தார். அதிலிருந்து நல்ல திட்டு ஒன்று விழுந்தால் ஓரக்கண்ணால் என் பக்கம் பார்ப்பார், வந்து சேர்ந்ததா என்று. அவ்வளவுதான் எங்கள் சினேகம். பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படியே. ஒரு வார்த்தை பேசியதில்லை.

2011-இல் துவுன்னா மைதானத்தில் ஓமானோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் நடந்தது நினைவிருக்கும். பாட்டிலும் கல்லும் பறந்து, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அதன் பிறகு எங்கள் பக்க வாசலிலும் கெடுபிடி வந்துவிட்டது. கூர்முனை உள்ள குடையை உள்ளே விடமாட்டேன் என்றார்கள். 2012 மழைக்காலத்தில் ஒருநாள் பெரியவர் நேராக என் கவுண்டருக்கு வந்தார். குடையை மடக்கி, தண்ணீரை உதறி, கம்பி வழியாக நீட்டி, “தம்பி, ஆட்டம் முடியறவரைக்கும் இதை வெச்சிரு” என்றார். தமிழில். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றைக்கென்று பார்த்து, ஆட்களை ஏற்றிப் போகிற பையன் வரவில்லை. முதலாளி என்னை அனுப்பிவிட்டார். ஆங் மிங்கலார் போய்த் திரும்புவதற்குள் மழையில் எட்டு மணி. கடை சாத்தியிருந்தது. பெரியவர் வந்து பார்த்துவிட்டு நனைந்துகொண்டே போயிருப்பார். அப்புறம் எந்த ஆட்டத்துக்கும் அவர் வரவில்லை. அடுத்த வருஷம் நானும் வேலையை விட்டேன்.

குடை இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் பீரோவுக்குப் பின்னால் கிடந்ததை, போன வாரம் மகள் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். காற்றில் ஒரு கம்பி ஒடிந்தது. அதிலிருந்து மனசு சரியில்லை. பெரியவரை யாருக்காவது தெரியுமா? இருந்தால் இப்போது எண்பதுக்குப் பக்கம் இருக்கும்.

பழைய_பிஏஏ (சென்னை, வியாசர்பாடி) எழுதியது:

தம்பி, உங்கள் ஆளை எனக்குத் தெரியாது. நாங்கள் 1965-லேயே கப்பல் ஏறிவிட்டோம். ஆனால் அந்தக் கேலரியை எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு அது பிஏஏ (பர்மா அத்லெடிக் அசோசியேஷன்) கிரவுண்ட். 1909-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. ஆங் சான் பெயர் வைத்த பிறகும் எங்கள் அப்பா பிஏஏ என்றுதான் சொல்வார். நீங்கள் சொல்கிற பெரியவர் தமிழில் திட்டியது ஒருவருக்கும் புரியாது என்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்கு என்னவோ செய்தது. எங்கள் காலத்தில் அந்தக் கேலரியில் தமிழில் திட்டினால் பத்து பேர் திரும்பிப் பதில் திட்டுவார்கள். பசுண்டான் அரிசி ஆலைகளில் வேலை செய்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், பால்காரர்கள், வட்டிக்கடைகளின் பெட்டியடிப் பையன்கள் எல்லாம் ஒரு பக்கம். தெலுங்கர்கள் தனியாக ஒரு கூட்டம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்றால் பாருங்களேன். யுத்தத்தில் இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள் போக மிச்சம் இருந்தவர்களே அத்தனை சத்தம் போட்டார்கள்.

எனக்கு நினைவிருக்கிற முகம் ஒரு சலவைக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு மொடமொடவென்று வருவார். சிறுவர்கள் எல்லோரும் அவர் பக்கத்தில் போய் உட்காரப் பார்ப்போம், கோல் விழுந்தால் பாக்கெட்டில் இருக்கிற கடலை மிட்டாயை வானத்தில் வீசுவார். எந்த அணி அடித்தாலும் வீசுவார். அவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது என்று நினைக்கிறேன், மிட்டாய்க் கட்சி.

1964-இல் அரசாங்கத்தார் கடைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே வருஷம் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். (பர்மியப் பணத்தை நாங்கள் கியாட் என்று சொல்வதே இல்லை, ரூபாய்தான்.) அப்பா ஒரு டிரங்குப் பெட்டியோடு சென்னை வந்து இறங்கினார். 1966 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் பர்மா கால்பந்தில் தங்கம் வாங்கியது, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று. பேப்பரில் நான்தான் படித்துச் சொன்னேன். கடையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய ஊர். அப்பா காறித் துப்புவார் என்று நினைத்தேன். “நம்ம பசங்க ஜெயிச்சிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு வீட்டில் மொஹிங்கா, அந்த ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ், செய்யச் சொன்னார். மெட்ராஸில் வாழைத்தண்டு கிடைத்தது, ஆனால் அந்த மீன் கிடைக்கவில்லை. அம்மா ஏதோ ஒரு மீனைப் போட்டு ஒப்பேற்றினாள்.

அப்போதைய அணியின் சுக் பகதூர் கூர்க்கா வம்சம். நம்மைப் போல வந்தவர்களின் பிள்ளை. கேலரியில் அவரைத் திட்டமாட்டார்கள், அது மட்டும் நினைவிருக்கிறது.

குடையை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. உங்கள் மகள் பிடித்தால் என்ன தப்பு?

பேர்_எதற்கு (ரங்கூன்) எழுதியது:

பதினைந்து வருஷம் பக்கத்தில் இருந்தும் ஒரு பெயர் கேட்கவில்லையா என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 1988-க்குப் பிறகு ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. தெருவில் ஆறு பேர் நின்று டீ குடித்தால் ஒருவன் வந்து முறைப்பான். ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுக் கத்தலாம் என்றால் அது மைதானத்தில்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் பக்கத்தில் வந்து, “உங்க பேர் என்ன, எந்த வட்டாரம்?” என்று கேட்டால் நாங்கள் என்ன நினைப்போம்? எழுந்து வேறு படிக்குப் போவோம். முகம் தெரிந்தால் போதும், பெயர் தெரிந்தால் வம்பு.

இன்னொன்று. நம் ஆட்களிடம் பெயர் கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வார்கள்? அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர். எனக்கே மூன்று. கேலரியில் என்னைக் “கண்ணாடி” என்பார்கள், அதையும் சேர்த்தால் நாலு.

அப்புறம், அந்தக் கேலரியில் ஆட்டத்தைப் பார்க்காத ஒரு முகத்தை நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். டைங்குக்கு, அதாவது பந்தயம் நடத்துகிற முதலாளிக்கு, வேலை செய்கிறவன். பந்தயச் சீட்டு வாங்குகிறவன். பந்து எந்தப் பக்கம் போனாலும் அவன் கண் எங்கள் மேல்தான். யாருக்கு நெற்றி வேர்க்கிறதோ அவனிடம் போய் உட்கார்ந்து, பாதி ஆட்டத்தில் இன்னொரு சீட்டு எழுத வைத்துவிடுவான். என்னிடம் இரண்டு மாதச் சம்பளம் போனது அவனால்தான். சரி, அவனாலா, என்னாலா என்பது வேறு கதை.

பின்னால் அவன் மைதானத்துக்கு வருவதை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான். இங்கிலீஷ் லீக் வந்த பிறகு பணம் அங்கேதானே. குளிர்காலத்தில் அவர்களுடைய மூன்று மணி ஆட்டம் நமக்கு ராத்திரி ஒன்பதரை. மான்செஸ்டர் சட்டை போட்ட பையன்கள் டீக்கடை முக்காலியில் உட்கார்ந்து கத்துவார்கள். அங்கேயும் முகம் பழகும், ஆனால் எல்லோரும் டி.வி.யைப் பார்த்து ஒரே திசையில் உட்கார்ந்திருப்பதால் பின்னந்தலைதான் பழகும்.

உங்கள் பெரியவரை நான் பார்த்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். குடை நினைவில்லை. வெள்ளைப் புருவம் நினைவிருக்கிறது.

பிரம்புப்பந்து (மாண்டலே) எழுதியது:

எங்கள் ஊரில் இந்தத் தொல்லையே இல்லை. சின்லோனில் ஆறு பேர் வட்டமாகச் சுற்றிவந்து பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டுகிறார்கள். எதிர் அணி கிடையாது, கோல் கிடையாது. யாரைத் திட்டுவது? வாசோ மாதம் (ஜூலை வாக்கில் வரும் பர்மிய மாதம்) மகாமுனி பகோடா பக்கம் நடக்கிற சின்லோன் திருவிழாவுக்கு நான் சின்ன வயசிலிருந்து போகிறேன். மேளக்காரர்கள் பந்தோடு சேர்ந்து வாசிப்பார்கள். அங்கே எனக்குத் தெரிந்த முகம் ஒரு பாட்டி. பந்து விழுந்தால் எல்லோரும் “அய்யோ” என்போம், அந்தப் பாட்டி மட்டும் ஆட்டக்காரனுக்கு முன்னாலேயே, பந்து காலை விட்டு நழுவும் முன்பே “அய்யோ” என்று சொல்லிவிடுவாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், முழங்காலைப் பார், பந்தைப் பார்க்காதே என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் பாதி தெரிய ஆரம்பித்தது.

தலைப்பை விட்டு விலகிப் போய்விட்டேன். குடையில் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லையா? முன்பு பெரியவர்கள் குடைத் துணியில் பெயர் தைத்து வைப்பார்களே.

மதில்கடைக்காரன் (ரங்கூன்) எழுதியது:

நல்லவேளை கேட்டீர்கள். இத்தனை நாள் நான் விரித்துப் பார்த்ததே இல்லை. அடுத்தவர் குடையை வீட்டுக்குள் விரிக்கக்கூடாது என்று மனைவி வேறு சொல்லிவிட்டாள். நேற்று மாடிப்படியில் நின்று விரித்துப் பார்த்தேன். உள்பக்கம், விளிம்பை ஒட்டி, வெள்ளை நூலால் “மு” என்று தைத்திருக்கிறது. தமிழ் எழுத்துத்தான். வேறு ஒன்றும் இல்லை. முத்துவா, முனியாண்டியா, முருகேசனா, எனக்கு எப்படித் தெரியும்?

பழைய பிஏஏ ஐயா, உங்கள் அப்பா கேட்டதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். வாழைத்தண்டு இருந்தால் மீன் எதுவானாலும் மொஹிங்காதான் என்கிறாள்.

‘பேர் எதற்கு’ அண்ணே, நீங்கள் சொன்னதுதான் உண்மை. நான் கேட்காமல் இருந்ததற்குக் கூச்சம்தான் காரணம் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் கவுண்டரிலும் அப்படித்தான். ஊர், இருக்கை எண், பணம். பெயரைச் சீட்டில் எழுத வேண்டியிருந்தாலும் அவர்கள் சொன்னதை எழுதுவேன், திருப்பிக் கேட்கமாட்டேன்.

இன்னொரு விஷயம் விட்டுப் போயிற்று. 2009-இல் புது லீக் ஆரம்பித்ததும் பெரியவர் கொஞ்ச நாள் தடுமாறினார். அமைச்சகங்கள் போய் ஊர்ப் பெயரில் அணிகள் வந்துவிட்டன, வரிப் பகடி செல்லாது. பச்சைச் சட்டை ரங்கூன் யுனைடெட்டை எப்படித் திட்டுவது, நம் ஊர் ஆயிற்றே. இரண்டு மூன்று ஆட்டம் பேசாமலே உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆடிய ஒரு வீரர் மூலைக் கொடிப் பக்கம் பந்தை வீணாக்கியபோது வாய் திறந்தார்: “அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்தது இதுக்குத்தானாய்யா?” பாதி திட்டு, பாதி விசாரிப்பு. அந்த வீரர் திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தார், யாரோ தன்னைப் பாராட்டுவதாக நினைத்து. பெரியவரும் பதிலுக்குக் கை அசைத்தார். அந்த வருஷம் முழுக்க அந்த வீரரை அவர் திட்டவே இல்லை.

மௌல்மீன்வாசி எழுதியது:

எங்கள் ஊர் யமன்யா மைதானத்தில் சதர்ன் மியான்மார் அணி ஆடும்போது 2015, 2016 வாக்கில் ஒரு பெரியவர் வருவார். தமிழில்தான் திட்டுவார். ஒரு புருவம் வெள்ளை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் துள்ளி எழுந்தேன். ஆனால் நேற்று என் அண்ணனிடம் கேட்டதில் குழப்பம். எங்கள் ஊர்க்காரர் தெலுங்காம். வீட்டில் தெலுங்கு, கடையில் பர்மியமும் மோன் மொழியும், திட்டுவதற்கு மட்டும் தமிழ். ஏன் தமிழ் என்று அண்ணன் ஒருமுறை கேட்டாராம். “தெலுங்கில் திட்டினால் அம்மா ஞாபகம் வருகிறது” என்றாராம். அவருக்கு இரண்டு புருவமும் வெள்ளை என்கிறார் அண்ணன். ஆகவே இவர் அவர் இல்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது புருவம் இந்த மூன்று வருஷத்தில் நரைத்திருந்தால் நான் பொறுப்பில்லை.

2020-இல் கொரோனா, 2021-இல் லீக் நடக்கவே இல்லை, 2022-இல் திரும்ப ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவரைக் காணோம். அவரை மட்டும் இல்லை, பாதி முகங்களைக் காணோம். பையன்கள் பலர் தாய்லாந்து போய்விட்டார்கள். பெரியவர்களைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

தாமுவே_அக்கா (ரங்கூன்) எழுதியது:

தம்பி, உங்கள் குடை எந்தக் குடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த “மு” யாருடைய பெயரும் இல்லை. எங்கள் பகுதி முனீஸ்வரர் கோயில் குடை. அன்னதானத்துக்கு வருகிறவர்கள் மழையில் மாட்டிக்கொண்டால் எடுத்துப் போகட்டும் என்று ஒரு புண்ணியவான் இரண்டு டஜன் வாங்கிக் கொடுத்தார். காணாமல் போகக்கூடாது என்று மாதர் சங்கத்தில் நாங்கள்தான் உட்கார்ந்து “மு” தைத்தோம். முனீஸ்வரர் என்று முழுசாகத் தைக்கலாம் என்றேன் நான். நூல் செலவு என்று ஒரு எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். உள்பக்கம் விளிம்பில், சங்கிலித் தையல், சரியா? எழுத்தின் சுழியில் கொஞ்சம் கோணலாக இருந்தால் அது என் கை.

வெள்ளைப் புருவக்காரரையும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அன்னதானத்துக்குச் சமைக்க வருவார். பெரிய அண்டாவில் சாம்பார் கிண்டும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். உப்பு போதுமா என்று கேட்டாலும் கையைத்தான் காட்டுவார். அந்த வாயா மைதானத்தில் அப்படிப் பேசியது? எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நாங்கள் அவரை “ஊமைச் சமையல்காரர்” என்போம். ஆட்டம் உள்ள நாளில் பூசணிக்காய் வெந்தும் வேகாமலும் இறக்கிவிட்டு ஓடுவார் என்பது மட்டும் உண்மை. எங்கே ஓடுகிறார் என்று அப்போது தெரியவில்லை.

நானும் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவோடு அந்த மைதானத்துக்குப் போயிருக்கிறேன். கேலரியில் பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். நாங்கள் ஒருவரை ஒருவர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வோம். சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சீனத்துப் பெண், கைக்குழந்தையோடு வருகிற ஒரு கரேன் இனத்து அம்மா, நான். பாதி ஆட்டத்தில் அந்தக் கரேன் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் குழந்தையைப் பிடித்துக்கொள்வோம். குழந்தை பெயர் கூடத் தெரியாது. 1993-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் தாய்லாந்திடம் 4-3 என்று தோற்று வெள்ளியோடு வந்தார்களே, அந்த வருஷம் எனக்குக் கல்யாணம். அதோடு மைதானம் போவது நின்றது. அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பதுக்குப் பக்கம் இருக்கும்.

சமையல்காரர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். பெகு பக்கமா, பியூன்டாசாவா, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 2012-லா 2013-லா என்றும் நினைவில்லை. கோயில் கணக்கப்பிள்ளையிடம் கேட்டால் தெரியும். அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இருப்பார்.

குடையை எப்படியும் கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு டஜனில் இப்போது ஏழுதான் மிச்சம்.

பழைய_பிஏஏ (சென்னை, வியாசர்பாடி) எழுதியது:

அக்கா சொன்ன பிறகு நான் முன்னால் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோயில் சொத்தை வைத்துக்கொள்ளச் சொன்ன பாவம் எனக்கு வேண்டாம்.

மதில்கடைக்காரன் (ரங்கூன்) எழுதியது:

அக்கா, சங்கிலித் தையல்தான். சுழி கோணல்தான்.

ஊமைச் சமையல்காரர் என்று படித்ததும் வெகுநேரம் சிரித்தேன், மகள் வந்து என்னவென்று கேட்டாள். திட்டுகளைச் சொல்லிக் காட்டினேன். மாமனார் சீர் என்றால் என்ன என்று கேட்கிறாள். அதைப் பர்மியத்தில் விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

தாமுவே சந்தையில் குடை பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து ஒடிந்த கம்பியை மாற்றிவிட்டேன். பழைய கம்பி தடிமன் கிடைக்கவில்லை, ஒன்று மட்டும் கொஞ்சம் மெலிசாக இருக்கும், விரித்தால் அந்தப் பக்கம் சரியும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எடுத்து வருகிறேன். கணக்கப்பிள்ளையிடம் நீங்களே கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், முன்பின் தெரியாத ஒருவன் வந்து ஒரு பெரியவரின் பெயரும் ஊரும் கேட்கிறான் என்று அவர் பயந்துவிடப் போகிறார்.